ஆருக்காக எரியுது?

ஆளில்லாத இடத்தில் லைட் எரிவதை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. நடந்து போகிறவர் அப்படியே நின்றுவிடுவார். தலையைத் தூக்கி லைட்டைப் பார்ப்பார். பிறகு, பக்கத்தில் நிற்பது அதிபராக இருந்தாலும் சரி, ஆறாந்தரத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி, ஒரே கேள்விதான்.

"இது ஆருக்காக எரியுது?"

கேட்டுவிட்டு மூன்று வரை எண்ணுவார். வாயால் இல்லை, தொடையில் விரலால் தட்டி. மூன்று தட்டுக்குள் ஒருவரும் "எனக்குத்தான்" என்று சொல்லாவிட்டால் டக்கென்று அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. போன வருடம் அவர் காலமாகிவிட்டார். அவரோடு ஒரே வீட்டில் இருந்த அவருடைய அக்கா இன்னும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறா, அவவின் கையில் இது கிடைக்கக்கூடும். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் படிப்பித்தோம். அவர் விஞ்ஞானம், நான் வரலாறு. பிள்ளைகளுக்கு அவர் 'சயன்ஸ் சேர்'. வெள்ளவத்தையில் ஒரே பஸ் தரிப்பில் ஏறி, கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போவோம். பஸ்ஸின் முன்பக்கம் சாமி படத்தைச் சுற்றிப் பட்டப்பகலில் நீலமும் சிவப்புமாக லைட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். நான் வேண்டுமென்றே அவரைச் சீண்டுவேன்.

"சேர், அது ஆருக்காக எரியுது?"

"அது ஆருக்காக எண்டு எனக்குத் தெரியும் டீச்சர். அதில நான் தலையிடேலாது," என்று கண்ணை மூடிக்கொள்வார்.

சார்ஜர்களோடும் அவருக்குத் தீராத பகை. ஆசிரியர் அறைக்குள் வந்ததும் சுவரோரமாக ஒரு சுற்றுப் போவார். போன் இல்லாமல் தொங்குகிற சார்ஜர் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தாய் பார்ப்பதுபோல. சூடாக இருந்தால் முகம் சுருங்கும். "சும்மா இருந்து தின்னுது," என்று பிடுங்கிவிடுவார். எங்கள் ஆசிரியர் அறையில் அரைவாசிப் பேர் சும்மா இருந்து தின்கிறவர்கள்தான் என்பதால் அந்தச் சொல் சிலருக்குச் சுட்டது.

ஒருமுறை அதிபர் கழிப்பறைக்குள் இருக்கும்போது இவர் வெளியே இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார். கேள்வி கேட்டாராம், மூன்று தட்டினாராம், பதில் வரவில்லையாம். "உள்ளுக்குள்ள இருக்கிறவன் மூண்டு எண்ணுறதுக்குள்ள என்னெண்டு ஐசே பதில் சொல்லுறது?" என்று அதிபர் கூட்டத்தில் வைத்துக் கத்தினார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவரும் சிரித்தார். அதிபர் கேட்ட அந்தக் கேள்வியின் பொருள் அன்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

என்னுடைய தங்கையின் கலியாணத்திலும் இதே கூத்துத்தான். பந்திக்குச் சனம் எழும்பிப் போனதும் வெறுங்கதிரைகளுக்கு மேலே சுழன்ற ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போனார். மண்டபத்துப் பொடியன் சிங்களத்தில் சத்தம்போட்டுக்கொண்டு ஓடி வந்தான். இவர் அவனுடைய தோளில் கைபோட்டு, "மல்லி, மேக்க கெரகென்னே காட்டத?" என்று கேட்டார். யாருக்காகச் சுற்றுகிறது என்ற அதே கேள்விதான், பாஷை மட்டும் வேறு. அவன் வெறுங்கதிரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவமானத்தில் எனக்குத்தான் முகம் சிவந்தது.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். கரண்ட் கட் மணிக்கணக்கில் இருந்த காலம் அது. போர்க்காலத்தில், கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தபோது ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தாராம். திரியை ஒரு நூல் உயர்த்தினாலும் அம்மா பேசுவாவாம். "புத்தகத்தில இருந்து கண்ணை எடுத்தா ஊதி நூர்த்துப்போடோணும். நினைக்கிறதுக்கு வெளிச்சம் தேவையில்லைத்தானே," என்றார்.

பிறகு அந்தத் திட்டம் வந்தது. பள்ளிக்கூடங்கள் மின்சாரப் பாவனையைக் குறைத்து, தங்களால் காற்றில் கலக்கும் கரியைக் குறைத்துக் காட்ட வேண்டும். நன்றாகச் செய்கிற பள்ளிக்குக் கூரையில் சூரியத் தகடு போட்டு, பழைய வயரையெல்லாம் மாற்றித் தருவார்கள். சுற்றறிக்கை வந்த அன்று ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் அதை இரண்டுதரம் வாசித்தார்.

அவருக்குப் பரிசுக் கேடயம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆரம்பப் பிரிவுக்குத் தகரச் சீற் கூரை. பத்து மணிக்குப் பிறகு அந்த வகுப்புகளுக்குள் போக முடியாது. முதலாந்தரத்துப் பிள்ளைகள் கைலேஞ்சியை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். ஒரு பெண்பிள்ளை இரண்டுதரம் மயங்கி விழுந்தது. ஃபேன் போடலாமென்றால் பழைய வயர் தாங்காது. "தகடு வந்தா வயர் மாறும். வயர் மாறினா சின்னதுகளுக்கு ஃபேன் வரும். அவ்வளவுதான் டீச்சர் கணக்கு," என்றார்.

அந்த வருடம் அவர் ஆளே மாறிவிட்டார். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிள்ளைகளுக்குப் பச்சை நாடா கட்டி லைட்டுக்குக் காவல் விட்டார். வாசலடியில் ஒரு கரும்பலகை வைத்து, மீற்றர் அன்றைக்கு எத்தனை யூனிட் ஓடியது என்று தினமும் எழுதினார். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு சாக்குச் சிரட்டைக் கரி கொண்டுவந்து இறக்கினார். எங்களுக்குக் கரண்ட் தரப் புத்தளம் பக்கம் நிலக்கரி எரிகிறது, அது கண்ணில் படாததால்தான் எங்களுக்குக் கவலையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். பிறகு ஒவ்வொரு வகுப்பும் அந்தச் சாக்கைப் பின்படியால் மேல்மாடிக்குத் தூக்கிப் போய், திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டுமென்றார். "தூக்கிப் பாருங்கோ. பாரம் தெரியோணும்."

வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கறுப்பு. பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். அவர்களைவிடப் பெரிய சத்தம் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து வந்தது.

அவளுடைய பெயரை எழுதத்தான் வேண்டும். ஸ்டெல்லா அக்கா எங்கள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவுகிறவள். கொச்சிக்கடையில் வீடு. விடிய ஐந்து மணிக்கு வந்து, ஏழு மணிக்கு முன்னால் இரண்டு கட்டடங்களையும் முடித்துவிட்டு, பிறகு எங்களுக்குத் தேத்தண்ணீர் போடுவாள். அன்றைக்கு ஈர்க்குக் கட்டோடு அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கரியக் கொறைக்கிறோம்னு சொல்லிட்டு என் படியெல்லாம் கரியாக்கி வச்சிருக்கீங்களே சேர்! யாரு கழுவுறது?"

அவர் சேர்ட் கையை மடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினார். அவள் பிடுங்கிக்கொண்டாள். "விடுங்க சேர். நீங்க கழுவினா நான் திரும்பக் கழுவணும்."

என் படி என்று அவள் சொன்னதை நான் என்னுடைய காதால் கேட்டேன்.

அடுத்த மாதம் கணக்கெடுப்பு. எந்த இடத்தில் எத்தனை லைட், எத்தனை மணிநேரம் எரிகிறது, யார் பாவிக்கிறார்கள் என்று படிவம் நிரப்ப வேண்டும். அவருடைய எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். "உங்கட எழுத்து வடிவு டீச்சர், நீங்கள் எழுதுங்கோ," என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கிழமை முழுக்க, முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை, மாடி மாடியாக நடந்தோம். பள்ளிக்கூடம் என்றால் முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் இடையில் இருப்பதுதான் என்று இருவரும் நினைத்தோம். அப்படி நினைக்கிறோம் என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

பின்படி இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி ஏறுகிற படி. யன்னல் இல்லை. பகலில் கீழ்க்கதவு திறந்திருப்பதால் வெளிச்சம் வரும். உச்சியில் ஒரு டியூப் லைட் இரவு பகலாக எரிந்தது. நாங்கள் போய் நின்றபோது என்னுடைய கையில் பிளேன்டீக் கோப்பை இருந்தது. ஸ்டெல்லா அக்கா கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து தந்தது.

"இது ஆருக்காக எரியுது?"

அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கப் போகிறது என்ற அவசரத்தில் இருந்தேன்.

"ஒருத்தருக்கும் இல்லை சேர். எல்லாரும் முன்படியாலதானே போறவை."

அவர் மூன்று தட்டினார். நான் எழுதினேன். பின்படி, டியூப் லைட் ஒன்று, பாவிப்பவர்: ஒருவருமில்லை. அன்று பின்னேரமே மேசைக்கு மேல் கதிரை போட்டு ஏறி, லைட்டைக் கழற்றி, வயர் நுனிகளில் கறுப்பு டேப் சுற்றிவிட்டு இறங்கினார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, இருந்தால் யாராவது போடுவார்கள் என்பது அவருடைய கட்சி.

மீற்றர் இறங்கத் தொடங்கியது. கரும்பலகையில் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் குறைந்த இலக்கம். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் ஆரம்பப் பிரிவுப் பக்கம் போய், சீற் கூரையை அண்ணாந்து பார்த்து, எந்தக் குறுக்கு மரத்தில் ஃபேன் கொழுவலாமென்று யோசித்துக்கொண்டு நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. லைட் கழற்றி ஒரு கிழமை இருக்கும். தேத்தண்ணீர் கொண்டுவந்த ஸ்டெல்லா அக்கா என்னுடைய மேசையடியில் நின்றாள்.

"மிஸ், பின்படி லைட்டக் கழட்டிட்டாங்க போல. விடியக்காலம் கால் வைக்கிற இடமே தெரியல்ல. சேர்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். நான் சொன்னா, கரிச் சண்டையை மனசில வச்சிட்டுச் சொல்றேன்னு நெனப்பாரு."

"சொல்லுறன் அக்கா," என்றேன்.

சொல்லவில்லை. மறந்துபோனேன். தவணைப் பரீட்சைத் தாள்கள் குவிந்து கிடந்தன. வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. இதெல்லாம் காரணமா? அடுத்த இரண்டு கிழமையும் காலையும் பின்னேரமும் பஸ்ஸில் அந்த மனிதருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கதைக்க எத்தனையோ கதை இருந்தது, இது மட்டும் வாயில் வரவில்லை.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, வாளியில் தண்ணீரோடு பின்படியால் இறங்கியவள் மேலேயிருந்து மூன்றாவது படியில் தவறினாள். ஐந்தே காலாக இருந்திருக்கும். ஆறு மணிக்குத்தான் காவலாளி கண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். அவளுடைய ஒரு செருப்பு பாதிப்படியில் கிடந்தது. அவர் படியின் அடியில் நின்று தலையைத் தூக்கி, கறுப்பு டேப் சுற்றிய வயர் நுனிகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பின்னேரம் பார்வை நேரத்தில் இருவரும் போனோம். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, துணிக்கு வெளியே தெரிந்த அவளுடைய பாதத்தைப் புறங்கையால் தொட்டார்.

"சூடு இருக்கு அக்கா. தெரியுதா?"

"இல்ல சேர்."

கையை எடுக்காமலே நின்றார். பிறகு கேட்டார். "நீங்கள் விடிய அதால இறங்கிறனீங்கள் எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. ஏன் சொல்லேல்லை?"

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. மூன்று எண்ணுவதற்கு மேல் இருக்கும். அந்த நேரத்துக்குள் நான் வாயைத் திறந்திருக்கலாம். அவள் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மறந்துட்டேன் சேர்," என்றாள்.

மழை விட்டு, வார்டு முழுக்க வெயில் அடித்தது, அத்தனை லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. அவர் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஈரத்தரையில் வழுக்கினாள் என்று எழுதி முடிப்போம் என்றார் அதிபர். தகடு கிடைக்கப்போகிற நேரத்தில் இதைக் கிளற வேண்டாமென்றும் கெஞ்சினார். அது பொய்யுமில்லை, தரை ஈரம்தான். சேர் கேட்கவில்லை. லைட்டைக் கழற்றியது நான், யார் பாவிக்கிறார்கள் என்று சரியாக விசாரிக்காதது நான் என்று எழுதி, கணக்கெடுப்புப் படிவத்தையும் சேர்த்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

விசாரணைக்கு வந்த அலுவலர் என்னையும் கூப்பிட்டார். படிவத்தை என் முன்னால் தள்ளினார். என்னுடைய வடிவான எழுத்தைத் தேடினேன். காணவில்லை. நான்கு பக்கமும் கோழி கிளறிய எழுத்து. ஒரு கிழமை நான் எழுதியதை ஒரு வரி விடாமல் அவர் தன் கையால் திருப்பி எழுதியிருந்தார். பின்படி, டியூப் லைட் ஒன்று, பாவிப்பவர்: ஒருவருமில்லை.

"இது யாருடைய எழுத்து?" என்று கேட்டார் அலுவலர்.

"சேருடையது," என்றேன்.

அன்று பஸ்ஸில் கேட்டேன். "ஏன் சேர் அப்படிச் செய்தனீங்கள்?"

"கேட்டது நான். எழுதுங்கோ எண்டதும் நான். நீங்கள் எழுத்து மட்டும்தானே குடுத்தனீங்கள் டீச்சர்."

எழுத்து மட்டுமில்லை சேர், அவள் என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் சனம், இறங்கிச் சொல்வோம் என்று நினைத்தேன். இறங்கியதும், நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். என்னைப்போன்ற கோழைகளுக்கு எப்போதும் ஒரு நாளை இருக்கும்.

பள்ளிக்கூடம் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. தகடும் இல்லை, வயரும் இல்லை. முதலாந்தரத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் தலையில் ஈரக் கைலேஞ்சியோடு இருக்கிறார்கள். அந்த ஃபேன்களுக்காகத்தான் அவர் லைட்டைக் கழற்றினார் என்பது அவர்களுக்குத் தெரியாது. பின்படியில் புது லைட் போட்டார்கள், அது எரிகிறது. ஸ்டெல்லா அக்கா கொச்சிக்கடையில் ஒரு அறைக்குள் எட்டு மாதம் கிடந்தாள். படுக்கைப் புண்ணில் கிருமி ஏறிச் செத்தாள். நான் இரண்டுதரம் போனேன். இரண்டுதரமும் அவளுடைய மகள் பக்கத்தில் இருந்தாள் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு, மன்னிப்புக் கேட்காமலே திரும்பினேன். அவர் ஞாயிறு தவறாமல் போனார். பகலிலும் லைட் போட வேண்டிய அறை அது.

அவள் செத்த அடுத்த மாதம் அவருக்கு இடமாற்றம் வந்தது. ஊவா மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். எதிர்த்து முறையிடலாமென்று எல்லோரும் சொன்னோம், அவர் பெட்டி கட்டிவிட்டார். போவதற்கு முதல்நாள் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். நான்காம் மாடி. மத்தியானம் பன்னிரண்டு மணி. அவருடைய அக்கா தேத்தண்ணீர் தந்தா. அவர் தோட்டப் பிள்ளைகளைப் பற்றி, குளிரைப் பற்றிக் கதைத்தார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சொல்ல வந்த வசனத்தை மனதுக்குள் மூன்று நான்குதரம் தொடங்கினேன்.

விடைபெற்று வெளியே வந்தபோது படிக்கட்டில் ஒரு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. யன்னலால் நல்ல வெளிச்சம். ஒன்பது வருடப் பழக்கம், கை தன்பாட்டில் சுவிட்சுக்குப் போனது.

"விடுங்கோ டீச்சர்," என்றார் பின்னாலிருந்து. "ஆருக்கு எண்டு எங்களுக்குத் தெரியாது."

திரும்பினேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவரும் காத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ஒருவேளை ஸ்டெல்லா அக்கா அந்த ஞாயிறுகளில் ஒன்றில் சொல்லியிருப்பாளோ, சொல்லாமலே போனாளோ, எனக்குத் தெரியாது.

"போயிட்டு வாறன் சேர்," என்றேன்.

"ஓம். பார்த்து இறங்குங்கோ."

இறங்கினேன். ஒவ்வொரு படியும் துலக்கமாகத் தெரிந்தது. நான் கீழே போய்ச் சேரும்வரை அவர் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அந்த பல்புக்குக் கீழே நின்றார்.